புது வண்டி வாங்கப் போகிறீர்களா? ‘ஆன்ரோடு’ விலையைத் திறந்து பாருங்கள்

மீன் கடையில் ஒரு கூறு மீனுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்பவர்கள் நாம். அதே நாம், ஏ.சி. போட்ட ஷோரூமில் எட்டு லட்சம், பத்து லட்ச ரூபாய் காருக்குக் கொட்டேஷனைக் கையில் வாங்கியதும் வாய் திறப்பதில்லை. “கம்பெனி விலை, குறைக்க மாட்டார்கள்” என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருகிறோம்.

தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை என்று நம் கடற்கரை ஊர்களில் ஒரு வீட்டுக்குக் கார் வருகிறது என்றால், பெரும்பாலும் அதன் பின்னால் வளைகுடாவில் யாரோ ஒருவரின் பல வருட உழைப்பு இருக்கிறது. பிள்ளை அங்கே இருக்கிறார். வாப்பாவோ மச்சானோ இங்கே ஷோரூமுக்குப் போகிறார். வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் பறக்கிறது. எதைப் பேசலாம், எதைப் பேச முடியாது என்று தெரியாததால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கூடுதலாகப் போய்விடுகிறது. அது ஒரு மாதச் சம்பளமாக இருக்கலாம். ஓர் ஏழைப் பிள்ளையின் ஒரு வருடப் படிப்புச் செலவாகவும் இருக்கலாம்.

பேரம் பேசுவது தகுமா?

“மார்க்கப் பற்றுள்ளவருக்குப் பேரம் அழகல்ல” என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு உண்டு. அது சரியல்ல. ஒரு பயணத்திலிருந்து மதீனா திரும்பும் வழியில், நபி (ஸல்) அவர்கள் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை விலைக்குக் கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. நபியவர்கள் விலை சொன்னார்கள். ஜாபிர் முதலில் இசையவில்லை. மீண்டும் கேட்டபோது ஓர் ஊக்கியாவுக்கு விற்றார். மதீனா சேரும் வரை அதில் தானே ஏறி வருவேன் என்று நிபந்தனையும் வைத்தார். நபியவர்கள் அதை ஏற்றார்கள். ஊர் வந்ததும் பேசிய விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்த ஒரு சம்பவத்தில் மூன்று பாடங்கள் உள்ளன. விலை பேசுவது ஆகுமானது. நிபந்தனைகளைக் கைமாறும் முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பேரத்துக்குப் பிறகும் பெருந்தன்மைக்கு இடம் உண்டு. விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் நளினமாக நடப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் அருள் வேண்டிப் பிரார்த்தித்ததை அறிவிப்பவரும் இதே ஜாபிர் (ரலி) அவர்கள்தான். பேசுங்கள்; ஆனால் மென்மையாகப் பேசுங்கள்.

திறக்காத சிப்பி

நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிட்டுத் திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்பது எடுத்தவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. தூத்துக்குடியில் கடைசியாகத் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. முத்துக்குளிப்பவர் ஒரு முழுக்கில் எடுத்து வரப்போவதை, அவர் மூழ்கும் முன்பே விலை பேசி விற்பது கூடாது என்று ஃபிக்ஹு நூல்கள் ‘ஙரர்’ என்ற தலைப்பில் பேசுகின்றன. பொருளும் விலையும் தெரியாத வியாபாரத்தில் ஒருவர் ஏமாறுவது உறுதி என்பதே அதற்குக் காரணம்.

ஷோரூமில் சொல்லப்படும் ‘ஆன்ரோடு விலை’யும் திறக்காத சிப்பி போன்றதுதான். ஒரு வித்தியாசம்: உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்கும் நமக்குத்தான் தெரியாது. ஆகவே பேரத்தின் முதல் படி “எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேட்பதல்ல. “ஆன்ரோடு விலையை இனம் இனமாகப் பிரித்து எழுதித் தாருங்கள்” என்று கேட்பதுதான். அந்தத் தாள் கையில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பேச முடியாதவை

தாளில் சில இனங்கள் அரசு நிர்ணயித்தவை. அவற்றில் எந்த டீலரும் குறைக்க முடியாது, கூட்டவும் முடியாது.

ஒன்று, ஜி.எஸ்.டி. இது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம். நீளம் நான்கு மீட்டருக்குள்ளும், பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் என்ஜின் 1500 சி.சி.க்குள்ளும் இருந்தால் அது சிறிய கார். அதைவிடப் பெரியவற்றுக்கு 40 சதவீதம். 350 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு 18 சதவீதம், மின்சார வாகனங்களுக்கு 5 சதவீதம்.

இரண்டு, தமிழக அரசின் ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டபடி, புதிய காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். பைக், ஸ்கூட்டருக்கு ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம்.

மூன்று, மூன்றாம் நபர் காப்பீடு. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு 3 வருடத்துக்கும், இருசக்கர வாகனத்துக்கு 5 வருடத்துக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். இதன் கட்டணத்தையும் அரசே அறிவிக்கிறது. 2022-ஆம் ஆண்டு அறிவிப்புப்படி 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 3 வருடத்துக்கு 10,640 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

சாலை வரியின் படிநிலையைக் கவனியுங்கள். ஷோரூம் விலை 9,90,000 என்றால் 13 சதவீத வரி 1,28,700 ரூபாய். அதே காரில் அடுத்த மாடல் 10,10,000 என்றால் 18 சதவீத வரி 1,81,800 ரூபாய். விலையில் வித்தியாசம் இருபதாயிரம்தான். வரியில் வித்தியாசம் 53,100. பத்து லட்சத்தைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று 1 சதவீதமும் பிடிப்பார்கள். “இன்னும் இருபதாயிரம் போட்டால் டாப் மாடல் கிடைக்கும் பாய்” என்ற ஒரு வார்த்தையில் நம் பை முக்கால் லட்சத்துக்கு மேல் இளகிவிடும். எந்த மாடல் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவது, ஷோரூமில் மணிக்கணக்காகப் பேரம் பேசுவதைவிட லாபம்.

டி.சி.எஸ். பிடித்திருந்தால் அது தொலைந்த பணம் அல்ல. வருமான வரிக் கணக்கில் உங்கள் பெயரில் வரவாக இருக்கும். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் அல்லது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருப்பதால் கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

பேசக் கூடியவை

மீதமுள்ளவை எல்லாம் பேசக் கூடியவை. டீலர் தரும் ரொக்கத் தள்ளுபடி, பழைய வண்டிக்கு அவர்கள் போடும் விலை, எக்ஸ்சேஞ்ச் போனஸ், சொந்த சேத காப்பீட்டின் கட்டணம், கூடுதல் வாரண்டி, சீட் கவர், மேட், மட்கார்டு முதலான உதிரி அலங்காரங்கள், ‘ஹேண்ட்லிங்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்ற பெயர்களில் வரும் கட்டணங்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 1200 சி.சி. கார், ஷோரூம் விலை 8,00,000. விற்பனையாளர் “ஆன்ரோடு 9,90,000” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாலை வரி 13 சதவீதம் 1,04,000. மூன்றாம் நபர் காப்பீடு ஜி.எஸ்.டி. சேர்த்து ஏறத்தாழ 12,555. கூட்டினால் 9,16,555. மீதி 73,445 ரூபாய் எங்கே போகிறது? பதிவுக் கட்டணம், ஸ்மார்ட் கார்டு, ஃபாஸ்டாக் போன்ற சில்லறைச் செலவுகள் சில ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். எஞ்சியதெல்லாம் சொந்த சேத காப்பீடு, வாரண்டி, அலங்காரப் பொருட்கள், ஹேண்ட்லிங். நம் பேரம் நடக்க வேண்டிய இடம் இதுதான்.

ஹேண்ட்லிங் கட்டணம் அரசுக் கட்டணம் அல்ல. “இது எந்தச் சேவைக்கு?” என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லை என்றால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அலங்காரப் பொருட்களை “கட்டாயப் பேக்கேஜ்” என்றால் ஏற்க வேண்டியதில்லை. வெளிக்கடை விலையை விசாரித்துவிட்டு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். நம் ஊர் உப்புக் காற்றைச் சொல்லி அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு விற்பார்கள். உப்பளம் சூழ்ந்த ஊரில் அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் துருவுக்குக் கம்பெனியே எத்தனை வருட வாரண்டி தருகிறது என்று முதலில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய வண்டி இருந்தால் அதன் பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் புது வண்டியின் விலை முடியட்டும். பிறகு பழையதை எடுங்கள். இரண்டையும் கலந்தால், இங்கே கொடுத்த தள்ளுபடியை அங்கே எடுத்துக்கொண்டார்களா என்று கண்டுபிடிக்க முடியாது.

காப்பீட்டில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

சொந்த சேத காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் இரண்டு கம்பெனிகளின் விலையை வாங்கிக் காட்டினாலே பல இடங்களில் கட்டணம் இறங்கிவிடும். ஆனால் ஐ.டி.வி. என்ற வண்டி மதிப்பைக் குறைத்துப் போட்டுக் கட்டணத்தைக் குறைவாகக் காட்டுவதும் உண்டு. புது வண்டிக்கு அது ஷோரூம் விலையில் 95 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது நமக்கு மறக்காது. வெள்ளத்தால் வண்டிக்கு ஏற்படும் சேதம் சொந்த சேத காப்பீட்டில் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் நீர் போய் அது பழுதானால், சாதாரணப் பாலிசியில் இழப்பீடு மறுக்கப்படும். ‘என்ஜின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் பிரிவு இருந்தால்தான் கிடைக்கும். கட்டணத்தைக் குறைக்கும் வேகத்தில் தாழ்வான தெருவில் வீடு உள்ளவர்கள் இதை வெட்டிவிடக் கூடாது.

மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம் என்பதால் அதில் நமக்குத் தேர்வு இல்லை. முழுக் காப்பீடு குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்களுக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

“மாசம் எவ்வளவு கட்டுவீங்க?”

ஷோரூமில் நுழைந்ததும் வரும் கேள்வி இதுதான். பதில் சொல்லிவிட்டால் அதன் பிறகு பேச்சு விலையைப் பற்றி இருக்காது. தவணையைப் பற்றியே இருக்கும். ஐந்து வருடத்தை ஏழு வருடமாக்கினால் தவணை குறைந்து தெரியும். மொத்தத்தில் வட்டி பெருகியிருக்கும். வட்டி ஹராம் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘பூஜ்ய வட்டி’ என்று விளம்பரம் வந்தாலும், பிராசசிங் கட்டணம் எவ்வளவு, தவணையில் எடுப்பதால் ரொக்கத் தள்ளுபடி பறிபோகிறதா என்று கேளுங்கள். வட்டி வேறு பெயரில் விலைக்குள் ஒளிந்திருக்கக் கூடும்.

ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று விற்பவரே சொல்லி, அந்த இரண்டில் ஒன்றை அதே அமர்வில் உறுதி செய்து, பிறகு தாமதத்துக்காக அது கூடாமல் இருந்தால் பெரும்பான்மை அறிஞர்கள் அதை அனுமதிக்கிறார்கள். வங்கிக் கடன் அந்த வகை அல்ல. வங்கி பணத்தைக் கடனாகத் தருகிறது. பணத்தின் மேல் பணம் கேட்கிறது.

முழுப் பணமும் தயார் என்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 2017 ஏப்ரல் முதல், ஒரு பரிவர்த்தனைக்கு ஒருவரிடமிருந்து 2 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. ஆகவே பணப் பையோடு போவதில் பேரபலம் ஏதும் இல்லை. வங்கி வழியாகவே கொடுங்கள். இன்னொன்று: கடன் ஏற்பாடு செய்தால் டீலருக்கு நிதி நிறுவனத்திடமிருந்து கமிஷன் கிடைக்கும். ஆகவே “கடன் வேண்டாம்” என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டியதில்லை. “முதலில் வண்டி விலையைப் பேசுவோம், பணம் எப்படி என்பதைப் பிறகு பேசுவோம்” என்றால் போதும். அது பொய்யும் ஆகாது.

எப்போது, எங்கே?

தமிழ்நாட்டில் ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுக்கப் பலர் தயங்குவார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரையும், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரையும் ஷோரூம்களில் கூட்டம் குறையும்; தள்ளுபடி கூடும். மாதத்தில் பீடை இல்லை என்று நம்பும் நமக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் நம்மிலும் சிலர் “சஃபர் மாதம், வண்டி எடுக்க வேண்டாம்” என்று தள்ளிப்போடுகிறார்கள். சஃபரில் பீடை இல்லை என்று நபி (ஸல்) அவர்களே மறுத்திருக்க, அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

டீலர்களுக்கு மாத இலக்கும் காலாண்டு இலக்கும் உண்டு. மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு வண்டி கூடுதலாகப் போவது அவர்களுக்கு முக்கியம். டிசம்பரில் கிடைக்கும் பெரிய தள்ளுபடிக்கு ஒரு காரணம் உண்டு: ஜனவரி பிறந்ததும் அது ‘போன வருட வண்டி’. பத்து வருடம் ஓட்டப் போகிறவருக்கு அது பெரிய நஷ்டம் இல்லை; மூன்று வருடத்தில் விற்கப் போகிறவருக்கு நஷ்டம். தயாரித்த மாதமும் வருடமும் ஆர்.சி.யில் பதிவாகும். பணம் கட்டும் முன்பே அதை எழுத்தில் கேளுங்கள்.

தூத்துக்குடியில் ஒரு கொட்டேஷன், திருநெல்வேலியில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று வாங்குங்கள். சாலை வரி மாநிலம் முழுக்க ஒன்றுதான். எங்கே வாங்கினாலும் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ.வில் பதியலாம். ஒரே வண்டிக்கு மூன்று தாளிலும் பேசக் கூடிய இனங்கள் எவ்வளவு மாறுகின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் மாவட்டத்திலேயே இப்போது கார் தயாராகிறது. வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடி சிப்காட்டில் திறக்கப்பட்டது. ஆலை பக்கத்தில் இருப்பதால் விலை குறையும் என்று எண்ண வேண்டாம். ஷோரூம் விலையைக் கம்பெனி நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியின் மின்சார வண்டியானாலும், சாலை வரி விலக்கு நீங்கள் பதியும் நாளில் நடப்பில் இருக்கிறதா, வீட்டில் சார்ஜர் பொருத்தும் செலவு விலைக்குள் அடங்குமா என்ற இரண்டையும் கேளுங்கள்.

பேரத்தின் எல்லைகள்

இங்கேதான் நாம் சறுக்குகிறோம். “பக்கத்து ஷோரூமில் நாற்பதாயிரம் குறைத்தார்கள்” என்று இல்லாததைச் சொல்வது சாமர்த்தியம் அல்ல, பொய். வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை ஏமாற்றும் ‘நஜ்ஷ்’ விலக்கப்பட்டிருப்பது போல, போலிக் கொட்டேஷன் காட்டி விலையை இறக்குவதும் ஏமாற்றுதான். உண்மையான மூன்று தாள்கள் கையில் இருந்தால் பொய்க்குத் தேவையே வராது.

காத்திருப்புப் பட்டியல் உள்ள வண்டிக்கு “மேலே கொஞ்சம் போட்டுத் தருகிறேன், எனக்கு முதலில் கொடுங்கள்” என்பதும் அப்படியே. முன்பே பணம் கட்டி முறைக்குக் காத்திருக்கும் இன்னொருவரின் வியாபாரத்துக்குள் நுழைவது அது. ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மீது மற்றொருவர் வியாபாரம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். வரி குறைவு என்று குடியிருக்காத ஊரின் முகவரி காட்டிப் புதுச்சேரியில் பதிவு செய்வதும் பொய்ச் சாட்சியே, சட்டப்படியும் மாட்டிக்கொள்வீர்கள்.

விற்பனைப் பிரதிநிதியையும் மறந்துவிடாதீர்கள். எதிரே நிற்கும் இளைஞர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில், இலக்கு நெருக்கடியில் இருப்பவர். இன்னொரு தாயின் பிள்ளை. அவரை அவமதித்துப் பெறும் ஐயாயிரத்தில் பரக்கத் இருக்காது.

முன்பணமும் டெலிவரியும்

முன்பணம் கட்டும் முன், வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளில் வண்டி வரும், இடையில் விலை ஏறினால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் புக்கிங் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். வாங்காவிட்டால் முன்பணம் விற்பவருக்கே என்ற நிபந்தனையை ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகள் ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹபு ஏற்கிறது. சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1993-இல் காலவரையறையோடு அதை அனுமதித்தது. எந்தக் கருத்தை எடுத்தாலும் எழுத்தில் இருப்பது சச்சரவைத் தவிர்க்கும். வாய்வார்த்தையாகச் சொன்ன இலவச மேட்டும் இலவச சர்வீஸும் டெலிவரி நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

பதிவுக்கு அனுப்பும் முன்பே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேசிஸ் எண், என்ஜின் எண், தயாரிப்பு மாதம், ஓடிய கிலோமீட்டர், பெயின்ட், டயர், கண்ணாடி எல்லாம் சரிதானா என்று பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். உங்கள் பெயரில் பதிவான பிறகு கீறலைக் காட்டி வண்டியை மாற்றிக் கேட்பது மிகக் கடினம். பேசியதற்கு மாறாகப் பணம் பிடித்தால் முதலில் ஷோரூம் மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

வண்டி அல்லாஹ் தரும் வசதிகளில் ஒன்று. அதை வட்டியில்லாமல், பொய்யில்லாமல், ஏமாறாமலும் ஏமாற்றாமலும் வாங்குவது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். பேச முடியாதவற்றை ஒரு பக்கமும் பேசக் கூடியவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை ஏழைப் பிள்ளை ஒருவரின் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுங்கள். அந்த வண்டியின் பயணங்களில் அல்லாஹ் பரக்கத்தையும் பாதுகாப்பையும் தருவானாக. ஆமீன்.